ஒரு மீட்டர் நடைக்காரர்

அவருடைய காலடி ஒன்று சரியாக ஒரு மீட்டர். கூடவும் கிடையாது, குறையவும் கிடையாது. இதை அவரேதான் சொன்னார். சொல்லிச் சொல்லி, நாற்பத்து நான்கு வீடுகள் கொண்ட அந்த ஐந்து மாடிக் கட்டடம் முழுக்க அவருக்கு ‘மீட்டர்’ என்றே பேர் நிலைத்துவிட்டது. சம்பளப் பதிவேட்டில் இருந்த பேர் சம்பளப் பதிவேட்டுக்கு மட்டும்தான் பயன்பட்டது.

இந்த நம்பிக்கை பிறந்த நாள் ஒன்று உண்டு. இருபத்திரண்டாவது வயதில் அவர் கொதிகலன் அறை உதவியாளராகச் சேர்ந்த முதல் நாள் அது. பொறியாளர் தரையில் ஒரு அளவு நாடாவை விரித்துவிட்டு, “பத்து அடி எடுத்து வைப்பா, பாக்கலாம்” என்றார். எதற்காகச் சொன்னார் என்று கடைசிவரை தெரியவில்லை. புது வேலை, புது செருப்பு, பார்த்துக்கொண்டிருப்பவர் மேலதிகாரி. பின்னால் நாய் துரத்துவதுபோல எட்டி எட்டி வைத்தார். பத்து மீட்டரும் இரண்டு சென்டிமீட்டரும் வந்தது. “அட, நீ நடமாடும் அளவுகோல்!” என்று பொறியாளர் சிரித்தார். அந்த ஒரு சிரிப்புக்காக மீட்டர் முப்பத்தாறு வருஷம் டேப்பைக் கையால் தொடவில்லை. ஒரு தராசைக்கூட வருஷத்துக்கு ஒரு முறை சரிபார்த்து முத்திரை குத்துகிறார்கள். அவருடைய காலை அதன் பிறகு ஒருவரும் சரிபார்க்கவில்லை.

மற்றபடி வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. கொதிகலன் காலத்தில் எண்ணெய்ப் புகையில் கறுத்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் குடியிருப்போர் சங்கம் கொதிகலனைக் கழற்றி எறிந்துவிட்டு, முற்றத்தில் பதினெட்டு துளைகள் போட்டது. ஒவ்வொன்றும் நூற்றுப்பத்து மீட்டர் ஆழம். ஒவ்வொரு துளையிலும் கொண்டை ஊசி போல வளைந்த ஒரு பிளாஸ்டிக் குழாய். அதற்குள் உறையாத மருந்து கலந்த தண்ணீர் கீழே போய், பூமியின் வெதுவெதுப்பை வாங்கிக்கொண்டு மேலே வரும். பதினெட்டு குழாய்களும் முற்றத்தில் மண்ணுக்கடியில் புதைத்த ஒரு தொட்டியில் கூடும். அங்கே குழாய்க்கு ஒரு வால்வு. அங்கிருந்து ஒரே பெரிய குழாயாக மீட்டரின் அறைக்கு வந்தால், மாடியளவு உயரமுள்ள ஒரு இயந்திரம் அந்த வெதுவெதுப்பைச் சூடாக்கி வீடுகளுக்கு அனுப்பும். கோடையில் இதே வேலை தலைகீழாக நடக்கும். வீடுகளின் வெக்கையைக் கொண்டுபோய் பூமியில் விட்டுவிட்டு வரும்.

புகையும் தீயும் இல்லாததால் முதல் குளிர்காலத்தில் ஒருவரும் நம்பவில்லை. முதல் மாடியில் இருந்த வயலின் வாத்தியார் கீழே இறங்கி வந்து கேட்டார்.

“மீட்டர், நெருப்பே இல்லாம எப்படிய்யா சூடு வரும்?”

“கீழ எப்பவும் பதிமூணு டிகிரி சார். மேல வெயில் அடிச்சாலும் பனி கொட்டினாலும் அதுக்கு ஒரு கவலையும் கிடையாது. நம்ம மாமனார் மாதிரி.”

“சரி, நாம தினமும் உறிஞ்சிக்கிட்டே இருந்தா பூமி ஆறிப்போயிடாதா?”

“அதான் கோடையில உங்க வீட்டு வேர்வையெல்லாம் திருப்பிக் குடுத்துடறோமே! கைமாத்து மாதிரி சார். வாங்கறது குளிர்ல, குடுக்கறது வெயில்ல.”

வாத்தியார் திருப்தியாகப் போய், அன்றிரவே ஸ்வெட்டர் இல்லாமல் வாசித்தார் என்று பதிவு.

இனி விஷயத்துக்கு வரலாம். துளை போட்ட கம்பெனி முதலில் கொடுத்த வரைபடம் ஒன்று. போட்ட இடங்கள் வேறு. பாறை குறுக்கிட்ட இடத்திலெல்லாம் துளையைத் தள்ளிப் போட்டார்கள். வேலை முடிந்த நாள் சாயங்காலம், மேற்பார்வையாளர் வண்டியில் ஒரு காலை வைத்துக்கொண்டே, “தொட்டியும் துளைகளும் எங்கெங்க இருக்குன்னு யாராவது அளந்து குடுத்தா வரைபடத்துல ஏத்திடுவேன்” என்றார். டேப் எதிலோ மாட்டிக்கொண்டிருந்தது. மீட்டர் முன்னே வந்தார். “டேப் எதுக்கு சார்?” என்றார். சுவரிலிருந்து நடந்தார், நடந்து நடந்து சொன்னார், மேற்பார்வையாளர் எழுதிக்கொண்டார். வால்வுத் தொட்டி: இயந்திர அறைச் சுவரிலிருந்து 22, மதில் சுவரிலிருந்து 9. வரைபடத்தின் அடியில் அச்சு எழுத்தில் ஒரு வரி வந்தது: ‘அளவுகள் அனைத்தும் மீட்டரில்.’ அதற்குச் சட்டம் போட்டு இயந்திர அறையில் மாட்டினார்கள். இரண்டு வருஷம் கழித்து முற்றத்தில் அரை மீட்டர் மண் கொட்டிப் புல் வளர்த்தபோது, தொட்டியின் மூடி மறைந்து போவதைப் பற்றி யாரோ கேட்டார்கள். “வரைபடம் இருக்கே” என்றார் மீட்டர்.

டிசம்பர் எட்டாம் தேதி, திங்கட்கிழமை, காலை 6.10. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே ஐந்து. அழுத்தமானியில் வழக்கமாக 2.0 காட்டும் முள் 1.6-இல் நின்றது. தண்ணீர் சேர்த்து ஏற்றினார். மறுநாள் காலை மறுபடியும் 1.6. முற்றத்துக்கடியில் எங்கேயோ கசிகிறது. 1.0-க்குக் கீழே போனால் இயந்திரம் தானாக நின்றுவிடும். நாற்பத்து நான்கு வீடும் ஐஸ் பெட்டி. வைத்தியம் எளிது. வால்வுத் தொட்டியைத் திறந்து, ஒவ்வொரு குழாயாக மூடிப் பார்த்து, கசிவதைக் கண்டுபிடித்து, அதை மட்டும் அடைத்துவிட்டால் போதும். மிச்சம் பதினேழு தாராளம்.

சங்கத் தலைவி ஓய்வுபெற்ற தபால் அதிகாரி. எதையும் முத்திரை குத்தாமல் நம்பாத அம்மாள். கையில் முப்பது மீட்டர் டேப்போடு வந்தார்.

“சார், ஞாயித்துக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். அதுக்குள்ள தொட்டி கிடைச்சா சரி. கிடைக்கலேன்னா இந்தப் பூமி வைத்தியமே வேணாம்னு எல்லாரும் சொல்றாங்க. மொட்டை மாடியில கேஸ் கொதிகலன் வெச்சிடுவாங்க. அந்தக் கம்பெனியே ஆள் போட்டுப் பாத்துக்கும். உங்களுக்கு... நான் சொல்ல வேண்டியதில்ல.”

“எதுக்கும்மா கூட்டம்? கைப்புண்ணுக்குக் கண்ணாடியா? இருபத்திரண்டு, ஒன்பது. தோண்டுங்க.”

தோண்ட வந்தவர் மீட்டருடைய மனைவியின் தம்பி. தொழில் குழாய் வேலை. உபதொழில் மாமாவைக் கிண்டல் செய்வது. இயந்திரம் வைத்துத் தோண்டினால் மற்ற குழாய்கள் அறுந்துபோகும் என்பதால் மண்வெட்டிதான். பெரிய குழாயைச் சுவரிலிருந்தே பின்தொடர்ந்து போகவும் வழியில்லை. அதன் மேல் வண்டி நிறுத்தக் கான்கிரீட் போட்டாயிற்று. தலைவி டேப் பிடித்து 22-க்கு 9-இல் குச்சி நட்டார். செவ்வாய் முழுக்கத் தோண்டினார்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் ஒரு செருப்பு கிடைத்தது. தொட்டி கிடைக்கவில்லை.

“மாமா, இது உங்க செருப்பா பாருங்க. அளந்த அன்னிக்கு விட்டுட்டுப் போயிருப்பீங்க.”

“டேப்புல தப்பு” என்றார் மீட்டர். “பழைய டேப் இழுத்து இழுத்து நீண்டுபோயிருக்கும். நான் நடக்கறேன்.”

புதன்கிழமை காலை, ஐந்து மாடி ஜன்னல்களிலும் தலைகள் தெரிய, மீட்டர் சுவரில் குதிகாலை ஒட்டி நின்று நடந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு வலது முட்டியில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. இருபத்திரண்டாவது அடியில் நின்று குச்சி நட்டபோது, நேற்றைய குழி அங்கிருந்து எங்கேயோ இருந்தது. தலைவி டேப் பிடித்தார். சுவரிலிருந்து 13 மீட்டர் 42.

ஜன்னல்களில் தெரிந்த தலைகள் இன்னும் கொஞ்சம் வெளியே நீண்டன.

“மாமா,” என்றார் மைத்துனர் மண்வெட்டியில் தாடையை ஊன்றிக்கொண்டு, “துணிதான் துவைச்சா சுருங்கும். மீட்டருமா?”

“முட்டிடா! முட்டிக்கு முன்னாடி சரியா ஒரு மீட்டர்.”

“அப்ப முட்டிக்கு முன்னாடி அளந்த இருபத்திரண்டு சரிதானே? அங்க ஏன் இல்ல?”

இந்தக் கேள்வி நியாயமானது. அதனால்தான் மீட்டருக்குக் கோபம் வந்தது. “பேசாம தோண்டு” என்றார். அன்று தோண்டிய குழியில் கல்தான் இருந்தது.

வியாழக்கிழமை தலைவி நடுநிலையான ஒரு யோசனை சொன்னார். இரண்டு அளவையும் கூட்டிப் பாதியாக்கி, நடுவில் தோண்டலாம் என்றார். தபால் துறையில் இரண்டு கிளைகளுக்குள் சண்டை வந்தால் அப்படித்தான் தீர்ப்பார்களாம். அங்கேயும் இல்லை. அந்த மூன்றாவது குழியின் ஓரத்துக்கும் தொட்டியின் விளிம்புக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை என்பது பிற்பாடு அளந்து தெரிந்த விஷயம். சாயங்காலம் வயலின் வாத்தியார் உலோகம் தேடும் கருவி ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்தார். அது ஏழு கரண்டிகளையும் ஒரு பூட்டையும் யாருடைய பல்செட்டோ ஒன்றையும் கண்டுபிடித்தது. பல்செட்டுக்கு நான்காம் மாடியிலிருந்து உரிமையாளர் இறங்கி வந்து நன்றி சொன்னார். தொட்டியின் மூடி பிளாஸ்டிக்.

வெள்ளிக்கிழமை காலை அழுத்தம் 1.3. தண்ணீர் ஊற்ற ஊற்ற மருந்தும் நீர்த்துக்கொண்டே போனது. வீடுகளில் பதினேழு டிகிரிதான் ஏறியது. சாயங்காலம் மீட்டர் வீட்டுக்கு வந்து, கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். மனைவி தையல் இயந்திரத்தை நிறுத்தவில்லை. அந்த அம்மாளுக்கு ஜன்னல் திரை தைப்பது தொழில். கட்டடத்தில் பாதி வீட்டுத் திரைகள் அவர் கையால் ஆனவை. அளவெடுக்க மட்டும் மீட்டர் போவார். சுவரோரமாக நடந்து, “மூணு மீட்டர்மா” என்று வந்து சொல்வார்.

“முற்றமே நகர்ந்திருக்கு” என்றார் அவர் கம்பளிக்குள்ளிருந்து. “பாறை ஒரு பக்கம் தள்ளியிருக்கும். பன்னெண்டு வருஷம், பதினெட்டு ஓட்டை. பூமி சும்மா இருக்குமா?”

“பூமி அங்கயேதாங்க இருக்கு.”

“என்ன சொன்ன?”

தையல் இயந்திரம் நின்றது. “உங்க மீட்டர் எண்பத்தேழு சென்டிமீட்டர்.”

“யார் சொன்னா?”

“திரைச்சீலை சொல்லிச்சு. கல்யாணமான முதல் மாசம் நம்ம அறைக்கு அளந்தீங்களே, நாலு மீட்டர்னு. துணி வாங்கித் தெச்சு மாட்டினேன். அம்பத்திரண்டு சென்டிமீட்டர் மிச்சம். ‘கடைக்காரன் தாராள மனசுக்காரன்’னு சொன்னீங்க. அப்பறம் பக்கத்து வீட்டுக்கு மூணு மீட்டர்னு வந்து சொன்னீங்க. நான் போய்ப் பாத்தேன். முப்பத்தொம்பது கம்மி. நாலுல அம்பத்திரண்டு, மூணுல முப்பத்தொம்பது. அடிக்குப் பதிமூணு. முட்டி ஆபரேஷன் வரைக்கும் ஒரு தடவைகூடத் தப்பினதில்ல. மனுஷன் நடை அவ்வளவு ஒழுங்கு. என்ன, அது மீட்டர் இல்ல, அவ்வளவுதான்.”

மீட்டர் கம்பளியை விலக்கினார். “அப்ப இத்தனை வருஷமா...”

“நீங்க சொல்ற ஒவ்வொரு மீட்டருக்கும் பதிமூணு சென்டிமீட்டர் குறைச்சுத்தான் வெட்டினேன். முட்டிக்கு அப்பறம் நானே போய் டேப் வெச்சுப் பாத்துடறேன்.”

“எல்லார் வீட்டுலயும் கச்சிதமா இருக்கு, ‘மீட்டர் கண்ணு தப்பாது’ன்னு...”

“அது என் கத்தரிக்கோல்ங்க.”

கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷம். மீட்டர் ஜன்னல் திரையைப் பார்த்தார். கோபப்படலாமா அழலாமா என்று அவர் முகம் கொஞ்ச நேரம் தடுமாறியது. கடைசியில், “ஏம்மா சொல்லல?” என்றார்.

“உங்களுக்குன்னு ஒரு பெருமை. எனக்குப் பதிமூணு சென்டிமீட்டர் வேலை. பெரிய கஷ்டமா? பூமியைத் தோண்டுவாங்கன்னு யார் கண்டா?”

பேப்பரும் பென்சிலும் வந்தன. இருபத்திரண்டை எண்பத்தேழால் பெருக்கினால் 19 மீட்டர் 14. ஒன்பதுக்கு 7 மீட்டர் 83. மீட்டர் மூன்று தடவை பெருக்கினார். மூன்று தடவையும் விடை ஒத்துப்போனது, அதுதான் வருத்தம்.

சனிக்கிழமை விடிந்ததும் மைத்துனரை மட்டும் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சத்தத்தில் முதல் மாடி ஜன்னல் ஒன்று திறந்து மூடியது. சிரித்து முடித்ததும் தாழ்ந்த குரலில் நல்ல ஆலோசனையும் சொன்னார்.

“மாமா, யாருக்கும் சொல்லாதீங்க. குளிர்ல நிலம் சுருங்கிடுச்சு, அதனால தொட்டி மூணு மீட்டர் இந்தப் பக்கம் வந்துடுச்சுன்னு சொல்லிடலாம். நான் குழாய்க்காரன். நான் சொன்னா நம்புவாங்க.”

அந்த யோசனை மீட்டருக்குப் பிடித்துத்தான் இருந்தது. மறைக்க முடியாது. டேப்பின் நுனியைச் சுவரில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, “பாக்கலாம்” என்றார்.

பதினொன்றேகாலுக்கு மண்வெட்டி ‘டொக்’ என்றது. மண்ணுக்கடியில் நாற்பத்தெட்டு சென்டிமீட்டரில் பச்சை மூடி. குச்சி நட்ட இடத்துக்கும் அதன் நடுவுக்கும் வித்தியாசம் ஆறு சென்டிமீட்டர். உள்ளே பதினெட்டு வால்வுகளும் வரிசையாக, பன்னிரண்டு வருஷத் தூக்கத்திலிருந்து எழுப்பியதுபோல விழித்தன. ஒவ்வொன்றாக மூடினார்கள். பதினோராவதை மூடியதும் முள் அசையாமல் நின்றது. அதற்கு ஒரு சிவப்புக் கயிறு கட்டிவிட்டு அழுத்தத்தை ஏற்றினார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு 2.0. இரவு எட்டரைக்கு வயலின் சத்தம் கேட்டது.

“முடிஞ்சுது மாமா. வேலையும் மிஞ்சிச்சு, பேரும் மிஞ்சிச்சு. வாயை மூடிக்கிட்டு இருங்க.”

மீட்டர் இயந்திர அறைக்குப் போய், சட்டத்துக்குள் இருந்த வரைபடத்தின் முன்னால் நின்றார். தொட்டி ஒன்று கிடைத்துவிட்டது. மற்றபடி பதினெட்டு துளைகள், பதினெட்டு அளவுகள், எல்லாமே பொய். நாளைக்கு அவர் இருக்கமாட்டார். வேறொருவன் வந்து இந்தக் காகிதத்தை நம்பி, கம்பம் நடவோ மரம் வைக்கவோ கடப்பாரையை ஓங்குவான். குழாய் இல்லை என்று காகிதம் சொல்லும் இடத்தில் குழாய் இருக்கும். அடியில் அச்சு எழுத்தில் வேறு: ‘அளவுகள் அனைத்தும் மீட்டரில்.’

ஞாயிறு, டிசம்பர் பதினான்கு. கீழ்த்தள மண்டபத்தில் முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். வந்தவர்கள் கைதட்டினார்கள். தலைவி, “கொதிகலன் தீர்மானத்தைக் கைவிடலாமா?” என்று கேட்க, எல்லாக் கையும் உயர்ந்தது. மீட்டருடைய வேலை நிலைத்தது. அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். அவர் எழுந்தார். பின்வரிசையில் மைத்துனர் இரண்டு கையாலும் ‘உட்காருங்க, உட்காருங்க’ என்று காட்டினார்.

“ஒரு விஷயம் சொல்லணும். வரைபடம் தப்பு. நான் அளந்தது தப்பு. அன்னிக்கே என் காலடி ஒரு மீட்டர் கிடையாது. எண்பத்தேழு சென்டிமீட்டர்.”

மண்டபத்தில் எல்லாரும் சிரித்தார்கள்.

“பாருங்க, எவ்வளவு தன்னடக்கம்!” என்றார் வயலின் வாத்தியார்.

“இல்ல சார், நெஜமாத்தான்.”

“சும்மா இருங்க மீட்டர். எங்க வரவேற்பறைக்கு நீங்கதானே அளந்தீங்க? மூணரை மீட்டர்னு சொன்னீங்க. திரை ஒரு நூல் பிசகாம நிக்குது!”

“எங்க வீட்டுலயும்!” என்றது பல்செட் குரல்.

“அது... என் சம்சாரம் குறைச்சு வெட்டினது.”

“அடடா, இப்ப பொண்டாட்டிக்கும் பெருமையை விட்டுக் குடுக்கறார்” என்று முன்வரிசை அம்மாள் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மீட்டர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயுள் முழுக்க இல்லாத ஒன்றை அவர் சொன்னபோதெல்லாம் நம்பினார்கள். இருப்பதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். தலைவி அறிக்கைப் புத்தகத்தில் எழுதத் தொடங்கினார்: ‘பராமரிப்பாளர் தன்னடக்கத்துடன்...’

“அம்மா, அதை அடிங்க!” மீட்டர் மேஜைவரைக்கும் போய்விட்டார். “தன்னடக்கம்னு எழுதினா நாளைக்கு வர்றவன் பழைய வரைபடத்தையே நம்புவான். குழாயில கடப்பாரை விழும். நடுக்குளிர்ல எல்லாரும் என்னை நினைச்சுக்கிட்டே நடுங்குவீங்க. தப்புன்னு எழுதுங்க. எண்பத்தேழுன்னு எழுதுங்க. முத்திரை குத்துங்க.”

முத்திரை என்ற சொல் தலைவியிடம் வேலை செய்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “இது நடைமுறைப் பிரச்சினை. வாக்கெடுப்புக்கு விடறேன். அளந்த அன்னிக்குப் பராமரிப்பாளருடைய காலடி எண்பத்தேழு சென்டிமீட்டர்னு ஒத்துக்கறவங்க கை தூக்குங்க.”

பத்தொன்பது பேர் தூக்கினார்கள். பன்னிரண்டு பேர் அது ஒரு மீட்டர்தான் என்று கடைசிவரை உறுதியாக இருந்தார்கள். அறிக்கைப் புத்தகம், பக்கம் 214: தீர்மானம் 19-க்கு 12 என்ற கணக்கில் நிறைவேறியது. கீழே வட்ட முத்திரை, கொஞ்சம் சாய்வாக. பன்னிரண்டு பேர் வீட்டிலும் தொங்குவது யார் தைத்த திரை என்று சொல்லத் தேவையில்லை.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு, புதிதாக வாங்கிய ஐம்பது மீட்டர் டேப்போடு கணவனும் மனைவியும் முற்றத்தில் இறங்கினார்கள். தொட்டியிலிருந்து ஆரம்பித்துப் பதினெட்டு துளைகளையும் மெல்லிய கம்பியால் குத்திக் குத்தித் தேடி, ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் ஒரு கல் பதித்தார்கள். மூன்று மணி இருபது நிமிஷம் பிடித்தது. நடுவில் ஒரு தடவை, எட்டாவது துளைக்கு, மீட்டர் பழக்கத்தில் வலது காலை எட்டி வைத்துவிட்டார். “ம்” என்றார் மனைவி. கால் திரும்பி வந்தது.

பழைய வரைபடத்தில் ஒவ்வொரு எண்ணையும் சிவப்பில் அடித்து, மேலே புது எண்ணை எழுதினார். கடைசியில் அளவெடுத்தவர் பெயர் எழுதும் இடம் வந்தது.

“உன் பேரைப் போடட்டுமா?”

“நான் எதுக்குங்க? அப்பறம் ஊர்ல எல்லாரும் என் காலைப் பாப்பாங்க. டேப்புன்னு போடுங்க.”

கொஞ்சம் யோசித்து, அவர் எழுதினார்: ‘அளவெடுத்தது: டேப். ஒரு நுனியைப் பிடித்தவர் மனைவி, மறுநுனியைப் பிடித்தவர் கணவன்.’ அதற்குக் கீழே தேதி, நேரம், அழுத்தம் 2.0.